டெரிக்கின் பிரஷரும் ஸியாமின் கையும்

வெள்ளவத்தையில், கடலுக்கு முதுகையும் காலி வீதிக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு நிற்கிற ஓஷன் கிரேஸ் சிறுநீரக நிலையத்தில் கடந்த ஒரு வருடமாக எந்த நோயாளிக்கும் பிரஷர் கூடியதில்லை. கூடுவதற்கு அங்கே அனுமதியில்லை.

அதற்கு முந்திக் கூடிக்கொண்டுதான் இருந்தது. சிறுநீரகம் மாற்றிய ஆட்களுக்கு பிரஷர் ஏறுவது புதினமில்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருப்பதற்காக விழுங்குகிற குளிசைகளே பாதியை ஏற்றிவிடும். ஏறினால் வைத்தியர் இன்னொரு குளிசை எழுதுவார். அது இறங்கும். இந்தச் சாதாரண ஏற்பாடு, நிலையத்தின் பணிப்பாளர் வைத்திய கலாநிதி யோகநாதன் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வரும் வரைக்கும் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே, தேநீர் இடைவேளையில், தங்க நாடி விருது என்று ஒன்று இருப்பதை அவர் அறிந்துகொண்டார். எந்த நிலையத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் பிரஷர் நூற்று முப்பதுக்கு எண்பது என்ற கோட்டுக்குக் கீழே நிற்கிறதோ அந்த நிலையத்துக்கு அது வழங்கப்படும். கண்ணாடிப் பெட்டிக்குள் தங்க முலாம் பூசிய ஒரு கை. மணிக்கட்டில் சிவப்புக் கல்.

திரும்பி வந்த கிழமையே யோகநாதன் ஊழியர்களைக் கூட்டினார்.

"இவ்வளவு காலமும் நோயாளியின்ட பிரஷரைக் குறைக்கிறதில எங்கட நேரத்தையும் மருந்தையும் வீணாக்கிப்போட்டம்," என்றார். "இனி எங்கட முழுக் கவனமும் அளவீட்டில இருக்க வேணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். கை தட்டாதவர்களும் நிலையத்தின் படத்தில் கைதட்டியபடியே இருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை டெரிக்குக்கு இந்தக் கூட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. துறைமுகத்தில், வருகிற கொள்கலன்களை நிறுத்துப் பார்க்கும் பகுதியில் காலம் முழுக்க வேலை பார்த்தவர் அவர். முத்திரை குத்திய எதையும் நம்புகிற மனிதர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது, மனைவி பிறிஜெற் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். கொடுத்தாரே தவிர விட்டுக்கொடுக்கவில்லை. டெரிக் ஊறுகாய்ப் போத்தலைத் தொட்டால், "என்ட கிட்னிக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது," என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும்.

அந்த பிறிஜெற்தான் முதலில் கவனித்தார். டெரிக் காலையில் எழும்பும்போது பிடரியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். பின்னேரத்தில் கணுக்காலை அமத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே கிடந்தது. மருந்துக்கடையில் போய் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, புருஷனின் கையில் பட்டியைச் சுற்றினார். நூற்று அறுபத்தெட்டு. பின்னேரம் பார்த்தால் நூற்று எழுபத்திரண்டு.

"உங்களுக்குப் பிரஷர் கூட, டெரிக்."

"இருக்காது பிறிஜெற். போன மாசம் கிளினிக்கில நூற்றிருபத்தெட்டு எண்டு போட்டவை."

"போட்டவையா, பார்த்தவையா?"

"பார்த்துத்தானே போடுறது," என்றார் டெரிக். ஆனால் குரலில் முந்தைய உறுதி இல்லை. போன மாதம் அங்கே நடந்த சில காரியங்கள் அவருக்கே சரியாக விளங்கியிருக்கவில்லை.

அடுத்த கிளினிக் நாளன்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போனார்.

நான்காம் மாடியில் தாதி டில்ஷானி அவருடைய கையில் பட்டியைக் கட்டினாள். மெஷின் உறுமியது. நூற்று எழுபத்து நான்கு. டில்ஷானி திரும்பிப் பார்த்தாள், கதவு சாத்தியிருக்கிறதா என்று. பிறகு திரையைக் கையால் மறைத்தாள்.

"அங்கிள், இந்த நம்பரை நாங்க இங்க பாவிக்கிறதில்ல," என்று மெதுவாகச் சொன்னாள்.

"மகள், அது என்ட நம்பர்."

"வீட்டில வச்சுக்கொள்ளுங்க. இங்க வாணாம்."

டெரிக் சாந்தி அறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே சாய்கதிரையும் ஊதுபத்தியும் இருந்தன. ஒரு பெட்டியிலிருந்து கடல் அலையின் சத்தம் வந்துகொண்டிருந்தது. உண்மையான கடல் ரெயில் பாதைக்கு அப்பால், கல் எறிந்தால் விழுகிற தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் அந்தப் பக்கத்து யன்னல்களை அடைத்துவிட்டிருந்தார்கள், அதன் சத்தம் சீராக இல்லை என்பதற்காக. டெரிக் கண்ணை மூடிப் பெட்டிக் கடலைக் கேட்டார். சாந்தி அறையில் அரை மணித்தியாலம் சாந்தியடைந்த பிறகு அவருடைய பிரஷர் நூற்று எழுபதுக்குத் தொண்ணூற்றெட்டு.

டில்ஷானி பெருமூச்சு விட்டாள். தொலைபேசியை எடுத்து, "நியமக் கையை மேல அனுப்புங்க," என்றாள்.

நியமக் கை என்பது ஸியாம். முன்னர் அங்கே லிப்ட் ஓட்டியவர். நாற்பது தாண்டிய, வட்ட முகமான, கவலை இல்லாத மனிதர். நிலையத்தின் அளவீட்டுக் குழு ஊழியர் எல்லாரையும் அளந்து பார்த்தபோது, ஸியாமுடைய பிரஷர்தான் பாடப்புத்தகத்தில் உள்ளதைப்போல நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு என்று இருந்தது. குழு அதை உறுதிசெய்து, முத்திரை குத்தி, ஸியாமை நியமக் கையாகப் பதவி உயர்த்தியது. அன்றிலிருந்து ஸியாமுடைய பிரஷர் நூற்றுப் பதினெட்டு என்பது நிலையத்தின் சட்டம். ஸியாமின் கையில் ஒரு மெஷின் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் பிழை ஸியாமில் இல்லை, மெஷினில். எவ்வளவு பிழையோ அவ்வளவையும் நோயாளியின் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டியதுதான்.

இதில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. நியமக் கை கீழ்த்தளத்தில் வைக்கப்பட்டிருந்தது. கிளினிக் நான்காம் மாடியில். நியமக் கைக்கு லிப்டில் ஏற அனுமதியில்லை.

ஸியாம் படியேறி வந்து சேர்ந்தார். நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கியது. டில்ஷானி அவரை மூச்சுவிட விடாமல் இருத்திப் பட்டியைக் கட்டினாள். நூற்று அறுபதுக்குத் தொண்ணூற்றாறு.

"மெஷின் மேல நாற்பத்திரண்டு பிழை, கீழ இருபது பிழை," என்றாள் டில்ஷானி. டெரிக்கின் கணக்கில் கழித்தாள். நூற்றிருபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு. பச்சை மையால் எழுதினாள்.

டெரிக் ஸியாமைப் பார்த்தார். ஸியாம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒங்கடது... தங்கம்... அண்ணே."

"நீங்க ஓடி வந்தபடியால்தானே கூடிக் காட்டினது?"

ஸியாம் கொஞ்சம் புண்பட்டார். "அப்பிடிச் செல்லாதீங்க. என்ட கை கமிட்டி பாத்த கை. இந்தக் கைக்காக நான் படுற பாடு ஒங்களுக்குத் தெரியா. கொத்து ரொட்டி திங்கிறல்ல. கிரிக்கெட் மெச் பாக்கிறல்ல. ஊட்டுல பொஞ்சாதி என்ன ஏசினாலும் வாய் தொறக்கிறல்ல. கை பழுதாகிடுமெண்டு டொக்டர் செல்லீக்கிறாரு."

"அப்ப என்ட பிரஷர் உண்மையில எவ்வளவு?"

"கழிச்சுப்போட்டாங்களே அண்ணே. இனி எப்பிடிக் கூடும்?"

டெரிக் பணிப்பாளரைச் சந்திக்கக் கேட்டார். நிலையத்தில் நோயாளிகள் பணிப்பாளரைச் சந்திப்பது அபூர்வம். யோகநாதன் மிகுந்த அன்போடு கை குலுக்கி, கையை விடாமலே பேசினார்.

"மிஸ்டர் டெரிக், வீட்டில ஒரு மெஷின் வச்சிருக்கிறீங்களாம்?"

"ஓம் டொக்டர். அதில நூற்று எழுபது காட்டுது. தலையிடியும் இருக்கு."

"நான் உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். அந்த மெஷினுக்கு மேல ஒரு கமிட்டி இருக்கா?"

"இல்லை."

"மேற்பார்வை? வருடாந்த அறிக்கை? ஒண்டுமில்லை. அது மேசையில தனிய இருந்துகொண்டு தன்ட எண்ணத்துக்கு ஒரு நம்பரைச் சொல்லுது. நீங்கள் படிச்ச மனுசன். அதைப்போய் நம்புறீங்கள்." அவர் டெரிக்கின் கையைத் தட்டிக்கொடுத்தார். "தலையிடி எண்டால் அது எங்கட பகுதி இல்லை. நாங்கள் சிறுநீரகம் மட்டும்தான். பிரஷர் எண்டது ஒரு தனி மனுசன்ட சொத்து இல்லை, மிஸ்டர் டெரிக். அது ஒரு நிறுவனத்தின்ட கூட்டுச் சாதனை."

பிறகு கணினியைப் பார்த்தார். பார்த்தவர் மெய்மறந்தார். மாதா மாதம் நூற்றிருபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு. ஒரு தடவைகூட மாறவில்லை.

"என்ன ஒரு உறுதி! இருபது வருச அனுபவத்தில நான் இப்பிடி ஒரு பிரஷரைக் கண்டதில்லை. விருதுக் குழு வருகிற நாளைக்கு எங்கட முன்மாதிரி நோயாளி நீங்கள்தான்."

மேலதிகக் குளிசை ஒன்று வாங்கப்போன டெரிக், முன்மாதிரியாகத் திரும்பி வந்தார். இரண்டு கிழமைக்குள் நிலையத்தின் முகப்பில், காலி வீதியில் போகிற எல்லா பஸ்களுக்கும் தெரியும்படி, அவருடைய படம் இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கியது. அதன் கீழே மூன்று மொழியிலும் 'கட்டுப்பாடே என் மூச்சு' என்று எழுதியிருந்தார்கள். வெள்ளவத்தைச் சந்தைக்கு வந்த பிறிஜெற், பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"முகம் வீங்கிக் கிடக்கிறது வடிவாத் தெரியுது," என்றார்.

அன்று பின்னேரமே புருஷனை இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்ப வைத்தியரிடம் போனார். அவர் அளந்தார். முகம் மாறியது. இன்னொரு கையிலும் அளந்தார்.

"அம்மா, இது நல்லாக் கூட. சலமும் நுரைச்சுப் போகுதெண்டு சொல்லுறீங்கள். இப்பிடியே விட்டால் அந்தக் கிட்னி கன காலத்துக்கு நிக்காது."

"அப்ப மருந்து எழுதுங்களேன் டொக்டர்."

"நான் எழுத ஏலாது. கிட்னி மாத்தின ஆளுக்கு ஒண்டு குடுத்தால் அது மற்ற மருந்தோட போய் முட்டும். பொரளையில அரசாங்க ஆஸ்பத்திரியில கிட்னி மாத்தின ஆக்களுக்கெண்டே ஒரு பிரிவு இருக்கு. ஓஷன் கிரேஸில இருந்து உங்கட பைலை வாங்கிக்கொண்டு அங்க போங்கோ. பைல் இல்லாமல் போனால் அவையளுக்கும் ஒண்டும் தெரியாது."

அடுத்த நாள் காலை பிறிஜெற், டெரிக்கையும் கூட்டிக்கொண்டு, நான்காம் மாடியில் நின்றார்.

"பைல் வேணும், மிஸ்."

டில்ஷானி சட்டத்தைச் சொன்னாள். சொல்லும்போது மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "பிரஷர் கட்டுப்பாட்டில இல்லாத ஆக்களுக்கு மட்டும்தான் அன்ரி பைல் வெளிய குடுக்கிறது. அங்கிளுக்குக் கட்டுப்பாட்டில இருக்கு."

"இல்லையே! அதுக்குத்தானே பைல் கேக்கிறன்."

"இல்லையெண்டு பைலில இருக்க வேணும்."

"பைலைத் திறந்து எழுதுங்க."

"பணிப்பாளர் பார்த்துக் கையெழுத்து வைக்க வேணும். அவர் கூடின நம்பருக்குக் கையெழுத்து வைக்கிறதில்ல."

பிறிஜெற் குனிந்து அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை, உமக்கு உண்மையில எத்தினை எண்டு தெரியும்தானே?"

 டில்ஷானி டெரிக்கின் பைலை அலுமாரியிலிருந்து எடுத்து, ஒரு நாடாவால் கட்டி, திரும்ப வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் பிறிஜெற் யன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். டெரிக்குக்கு அதுதான் பயமாக இருந்தது. தன் உடம்புக்குள் இருக்கிற அவளுடைய ஒரு துண்டு, நாள்தோறும் தேய்ந்துகொண்டு போகிறது. அவர் உட்காருகிறார், சாப்பிடுகிறார், படத்தில் சிரிக்கிறார். அது தேய்கிறது. திரும்பக் கொடுக்கவும் வழியில்லை.

விருது நாள் வந்தது. நிலையத்தின் கீழ்த்தள மண்டபத்தில் மேடை போட்டு, பூ வைத்து, குத்துவிளக்கு வைத்து, ஆளுயரத் திரை ஒன்றும் வைத்திருந்தார்கள். விருதுக் குழுவின் சார்பில் ஒரு வெளிநாட்டு அம்மா வந்திருந்தார். நரைத்த தலை, தட்டைச் செருப்பு, பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர். அம்மா சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை.

யோகநாதன் பேசினார்.

"மற்ற வைத்தியசாலைகள் நோயாளியைப் பார்க்கின்றன. நாங்கள் நோயாளியைத் தாண்டிப் பார்க்கிறோம். எங்கள் நிலையத்தில் சிறுநீரகம் மாற்றியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரின் பிரஷர் கட்டுப்பாட்டில் உள்ளது. மிகுதி ஒருவர் காலமாகிவிட்டார். அவருடைய பிரஷரும் தற்போது உயர்வாக இல்லை என்பதை இந்தச் சபைக்குப் பணிவோடு அறியத் தருகிறேன். ஆனால் எங்கள் அடக்கத்தின் காரணமாக அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை."

சபை அந்த அடக்கத்துக்குக் கைதட்டியது.

வெளிநாட்டு அம்மா மொழிபெயர்ப்பாளரின் காதில் ஏதோ சொன்னார். ஒருவருக்கு இங்கேயே அளந்து காட்ட முடியுமா என்று அவர் கேட்கிறார் என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"அதற்காகத்தானே காத்திருக்கிறோம்!" என்றார் யோகநாதன். "எங்கள் முன்மாதிரி நோயாளி, திருவாளர் டெரிக்!"

டெரிக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையேறினார். காலையிலிருந்தே பிடரி விண்விண்ணென்று இருந்தது. விளக்கு வெளிச்சம், நூறு முகங்கள். டில்ஷானி பட்டியைக் கட்டினாள். திரையில் இலக்கங்கள் ஏறின. ஏறி நின்றன. நூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு நூற்றுப் பத்து.

மண்டபத்தில் விசிறிச் சத்தம் கேட்டது.

யோகநாதன் பதறவில்லை. பெரிய மனுசர்கள் சிரிப்பதுபோல் சிரித்தார். "மெஷின்களுக்கும் மேடைக் கூச்சம் உண்டு. நியமக் கை!"

ஸியாம் முன்வரிசையில் இருந்தார். தம்பியின் கலியாணக் கோட்டைப் போட்டிருந்தார். இந்த ஒரு நாளுக்காக ஒரு கிழமையாக எண்ணெய்ச் சாப்பாடு தொடாமல், காலையிலிருந்து கையை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் துஆ ஓதியபடி, குளத்துத் தண்ணீரைப்போல அசையாமல் இருந்தவர். எழுந்து, நாலு எட்டு வைத்து, மேடைக்கு வந்து அமர்ந்தார். படி இல்லை, மாடி இல்லை. டில்ஷானி பட்டியைக் கட்டினாள்.

நூற்றுப் பதினெட்டுக்கு எழுபத்தாறு.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ஸியாம். இரண்டு கையையும் தூக்கிச் சபைக்குக் காட்டினார். அவருடைய பதவிக்காலத்தில் அவருடைய கை சட்டப்படி வேலை செய்தது அதுதான் முதல் தடவை. மெஷின் ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. கழிக்க ஒன்றுமில்லை.

யோகநாதன் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். "ஓடு."

"எங்க சேர்?"

"எங்கயாவது ஓடு!"

ஸியாம் மேடையிலிருந்து குதித்து, மண்டபத்தைச் சுற்றி ஓடினார். கோட்டு வால் பறந்தது. வெளிநாட்டு அம்மா தலையைத் திருப்பி அவரைக் கண்ணால் பின்தொடர்ந்தார். "இது எங்கள் அளவுத்திருத்த முறை," என்று விளக்கினார் யோகநாதன். ஸியாம் வந்து அமர்ந்தார். நூற்று நாற்பது. இருபத்திரண்டைக் கழித்தால் டெரிக்குக்கு இன்னும் நூற்று எழுபது மிச்சம்.

"இன்னொருக்கா!"

இரண்டாம் சுற்றில் சபை இருந்த வாங்குகளுக்கு இடையில் தடுக்கி, பிரதம விருந்தினரின் மடியில் கைவைத்து எழும்பி, மேடைக்கு வந்தார். நூற்றைம்பது. மூன்றாம் சுற்றுக்கு யோகநாதன் விரலை நீட்டினார். ஸியாம் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கால் நீட்டி இருந்துவிட்டார்.

"ஏலா சேர். லிப்டயே தாங்க."

அப்போதுதான் சபையின் நடுவிலிருந்து பிறிஜெற் எழுந்தார்.

"அந்த மனுசனை ஏன் போட்டு ஓட்டுறீங்க? பிரஷர் கூடினது என்ட புருசனுக்கு! அதுக்குள்ள கிடந்து சாகிறது என்ட கிட்னி!"

சாதாரண மனிதர் இந்த இடத்தில் தலை குனிந்திருப்பார். யோகநாதனின் முகம் பிரகாசித்தது.

"சபையோரே," என்றார், "மிக ஆழமான ஒரு அறிவியல் கேள்வி இங்கே எழுந்திருக்கிறது. இது யாருடைய சிறுநீரகம்? இந்த அம்மையாருடையது. நாங்கள் காப்பாற்றுவது எதை? சிறுநீரகத்தை. அப்படியானால் நாங்கள் அளக்க வேண்டியது யாருடைய பிரஷரை? இவ்வளவு காலமும் உலக மருத்துவம் தவறான ஆளை அளந்து வந்திருக்கிறது! அம்மா, மேடைக்கு வாருங்கள்."

பிறிஜெற் வந்தார். கை நீட்டினார். பிறிஜெற்றின் கோபம் ஒருநாளும் இரத்தக் குழாய்க்குள் தங்கியதில்லை, முழுவதும் வாய் வழியாகவே வெளியேறிவிடும். நூற்றுப் பதினாறுக்கு எழுபத்து நான்கு.

"பாருங்கள்!" யோகநாதன் திரையைக் காட்டினார். "சிறுநீரகத்தின் உரிமையாளருக்கு அபாரமான கட்டுப்பாடு. திருவாளர் டெரிக் என்பவர் அது தங்கியிருக்கிற இடம் மாத்திரமே. இன்றிலிருந்து ஓஷன் கிரேஸ் நிலையம் உரிமையாளரின் பிரஷரையே பதிவுசெய்யும் என்று இந்தச் சபை முன்னிலையில் பிரகடனம் செய்கிறேன்."

கைதட்டல் ஓய முதல் பிறிஜெற் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"டொக்டர், அப்ப கிட்னி என்டதுதான்?"

"சந்தேகமே இல்லை அம்மா."

"நிலையம் ஒத்துக்கொள்ளுதா?"

"பிரகடனமே செய்துவிட்டேனே."

"நல்லது. நான் அதை இங்க வச்சிருக்க விரும்பேல்லை. எடுத்துக்கொண்டு போறன். பைலைத் தாங்க."

யோகநாதன் வாயைத் திறந்தார். வழக்கமாக அதற்குள் எப்போதும் ஒரு வசனம் தயாராக இருக்கும். இந்தத் தடவை இல்லை.

"அது... நோயாளி கட்டுப்பாட்டில்..."

"நோயாளியின்ட பைல் இல்லை நான் கேக்கிறது. என்ட கிட்னியின்ட பைல். அது தங்கியிருக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டுதான் போவன். தனியாக் கழட்டிக்கொண்டு போக ஏலாதுதானே."

மொழிபெயர்ப்பாளர் இதை வெளிநாட்டு அம்மாவுக்குச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முடிந்ததும் அம்மா தலையசைத்து, கேட்டது நியாயமாகத்தானே இருக்கிறது என்பதுபோல யோகநாதனைப் பார்த்தார். அதற்குள் டில்ஷானி மேலே போய், நாடா கட்டிய பைலோடு வந்து நின்றாள். லிப்டில் போய் வந்திருந்தாள், மூச்சு வாங்கவில்லை.

இருவரும் முச்சக்கரவண்டியில் ஏறும்போது உள்ளேயிருந்து யோகநாதனின் குரல் ஒலிபெருக்கியில் தெளிவாக வந்தது. கட்டுப்பாட்டில் இல்லாதவர் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரேயொருவரும் இப்போது சுயவிருப்பின் பேரில் விலகிவிட்டபடியால், நிலையம் நூற்றுக்கு நூறு என்ற இலக்கை இந்த நிமிடத்தில் அடைந்துவிட்டது என்றது அந்தக் குரல். விருது கொடுக்கப்பட்டது. விதிமுறையில் எண்களைப் பற்றித்தான் இருந்தது, ஓடுவதைப் பற்றி ஒன்றும் இருக்கவில்லை. அந்த வெளிநாட்டு அம்மாவும் ஒரு நிலையத்தில் வேலை செய்கிறவர்தான்.

பொரளையில் வாங்கு நிறைய ஆட்கள். விசிறி சுற்றவில்லை. ஒரு பூனை மருந்து வண்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. சுவரில் எந்த வசனமும் எழுதியிருக்கவில்லை, அது டெரிக்குக்குக் கொஞ்சம் அந்தரமாக இருந்தது. வெயில் சாய்ந்த பிறகு அவருடைய முறை வந்தது. தூக்கமில்லாத கண்களோடு ஒரு இளம் வைத்தியர், சிங்களப் பிள்ளை, பைலைப் புரட்டினார். பச்சை மையால் எழுதிய இலக்கங்களைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். பைலை மூடி அப்பால் வைத்துவிட்டு, தானே பட்டியைக் கட்டி அளந்தார்.

"பிரஷர் எக வெடியி, அங்கிள்," என்றார். விளங்கவில்லையோ என்று நினைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் திரும்பச் சொன்னார். "கூட. நல்லாக் கூட இருக்கு."

டெரிக் வைத்தியரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. ஒரு மனுசனுக்குக் கெட்ட செய்தியைச் சொல்லி இப்படி ஒரு நன்றியை அந்தப் பிள்ளை அதற்கு முன் வாங்கியிருக்க மாட்டார்.

"கிட்னி எப்பிடி டொக்டர்?" என்று கேட்டார் பிறிஜெற்.

வைத்தியர் அங்கேயே எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "கொஞ்சம் அடிபட்டிருக்கு, அன்ரி. ஒரு வருசம் சும்மா விட்டிருக்கு நே. போனது வராது. மிச்சத்தை வச்சுக்கொள்ள பாப்பம்." குளிசை ஒன்று எழுதினார். வீட்டு மெஷினில் காலையும் பின்னேரமும் பார்த்து, அந்த நம்பரைக் கொண்டுவரச் சொன்னார்.

போனது வராது என்பதைக் கேட்ட பிறிஜெற் பைலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மருந்துக்கடை வரைக்கும் நடந்தார். குளிசையை வாங்கி, வாசலிலேயே உறையைக் கிழித்து, தண்ணிப் போத்தலோடு புருஷனிடம் நீட்டினார். பொரளைச் சந்தியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. டெரிக் குளிசையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, தலையை ஆட்டினார்.

"விழுங்கீட்டன், பிறிஜெற்."

"சொல்ல வேணாம்," என்றார் பிறிஜெற். "வாயைத் திறந்து காட்டுங்க."

டெரிக் அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று வாயைத் திறந்தார். பிறிஜெற் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருடைய நாடியைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நாக்குக்குக் கீழேயும் ஒருதரம் பார்த்தார்.